இரண்டாவது கல்

குழி இடுப்பளவு இறங்கியிருந்தது. கொத்தனார் உள்ளே நின்று மண்ணை மேலே வீச, நான் அதைக் கூடையில் அள்ளி மதில் ஓரம் கொட்டிக்கொண்டிருந்தேன். கழிப்பறைக் குழிக்கு இவ்வளவு சந்தோஷமாக மண் சுமக்கிற ஆளைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று அவர் கிண்டலடித்தார். உண்மைதான். என் கல்யாண நாளுக்குக்கூட நான் இத்தனை ஆவலாகக் காத்திருக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் சாய்ந்திருந்த மாமனார், "இன்னும் கொஞ்சம் அகலமா எடுக்கச் சொல்லும்மா, வர்ற விருந்தாளிக்கும் ஆகும்ல" என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் கல்லுக்குக் காவல் இருக்கிறவர் தெருவில் பைக்கை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"அக்கா, தோண்டாதீங்க."

"ஏன்?"

"எல்லைக்குள்ள வருது."

"இது எங்க கொல்லைங்க."

"கொல்லைதான். இல்லைங்கல. ஆனா கல்லுலேருந்து நூறு மீட்டருக்கு மண்வெட்டி படக்கூடாது. போர்டுலயே போட்டிருக்கே." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்கதானே அக்கா அந்தப் போர்டு வரணும்னு நாயா பேயா அலைஞ்சீங்க?"

கொத்தனார் மண்வெட்டியைக் குழியின் விளிம்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அலைந்ததும் உண்மை, போர்டில் போட்டிருப்பதும் உண்மை. அந்தப் பலகைக்கு வாசகம் எழுதித் தந்தபோது பிழை இருக்கிறதா என்று என்னிடம்தான் படிக்கக் கொடுத்தார்கள். நூறு மீட்டர் என்பதை நானும் படித்தேன். அது ஒரு பெரிய வெற்றி போலத்தான் அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் வீடு அதற்குள் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

எங்களுடையது ஊரின் கடைசி வீடு. பின்பக்கம் நிலம் சரிவாக மேலேறிப் போகும். உச்சியில் ஒரு பெரிய கல் நிற்கிறது. இரண்டு ஆள் உயரம், ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதில் எழுத்தும் இல்லை, சிற்பமும் இல்லை. எழுத்து என்ற ஒன்று வருவதற்கு முன்னால் வாழ்ந்தவர்கள், செத்துப்போன யாருக்காகவோ, எப்படியோ இழுத்து வந்து நிமிர்த்தி வைத்தது என்கிறார்கள். அதற்கு நேர் கீழே, எங்கள் கொல்லை முடிகிற இடத்தில் இன்னொரு கல். என் நெஞ்சு உயரம்தான் இருக்கும். இப்போது இரண்டையும் சுற்றிப் பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு வேலியும் பூட்டும் இருக்கின்றன. ஊரில் எனக்குக் கல்லுக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் பாராட்டாகச் சொன்னார்கள். பிறகு தொனி மாறிவிட்டது.

சரிவுக்கு அந்தப் பக்கம் குவாரி. நான் கல்யாணமாகி வந்தபோது அது எங்கோ தூரத்தில் இருந்தது. மலையைத் தின்றுகொண்டே கிட்டத்தில் வந்துவிட்டது. மத்தியானம் வெடி வைத்தால் எங்கள் வீட்டுப் பாத்திர அலமாரி ஒரு தடவை சிலிர்த்து அடங்கும். கொடியில் காய்கிற துணியை உதறினால் மாவு மாதிரி கொட்டும். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். தலைவலி மாத்திரையைவிட இன்ஹேலர் அதிகம் விற்கிற கடை வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. முதலாளி அதற்கென்று கண்ணாடி அலமாரியில் தனித் தட்டே ஒதுக்கியிருந்தார். அந்தத் தட்டிலிருந்து என் வீட்டுக்கும் ஒன்று போனது. எங்கள் வாலுவுக்கு மூன்று வயதில் இழுப்பு வந்தது. வாலு என்பது என் மகள். ஒரு நாற்காலியை விட்டு வைக்காமல் ஏறிக் குதித்த பிள்ளை, இரண்டு படி ஏறிவிட்டு உட்கார்ந்து, தோள் மேலும் கீழும் போய்வர மூச்சுக்குத் தவிக்கும். நான் கடையில் இருக்கும் நேரத்தில் அவள் முகத்தில் ஆவி மெஷினின் மாஸ்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாமனார்தான். அவளுக்கு அது பயம். அவர் தன் முகத்தில் டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டு, "பாரு, தாத்தாவும் போட்டுக்கிட்டேன்" என்பார்.

தூசி பற்றி எழுதிய மனுக்களுக்குப் பதிலே வரவில்லை. ஒருநாள் கடையில் மாத்திரை பொட்டலம் கட்ட எடுத்த பழைய பேப்பரில், எங்கோ ஒரு ஊரில் நட்டு வைத்த கல் ஒன்றால் ரோடு போடுவதே நின்றுபோன செய்தி இருந்தது. அந்தத் துண்டில் நான் பொட்டலம் கட்டவில்லை. அங்கே ஆரம்பித்தது என் அலைச்சல்.

தொல்லியல் அதிகாரி வந்தபோது மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் இரவு முழுக்க அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் ஓடிவந்து அதிகாரியோடு சரிவில் ஏறினேன். குட்டையாக வெட்டிய முடியும் வெயிலுக்குத் தொப்பியுமாக இருந்த அவர் நல்ல மனுஷி. எதையும் அவசரப்பட்டுச் சொல்லிவிட மாட்டார். பெரிய கல்லைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஆனால் ஒற்றைக் கல் நிறைய இடத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு நம்பர் கொடுப்போம், அவ்வளவுதான் என்றார். பிறகு கீழே இறங்கிவந்து எங்கள் கொல்லையில் இருந்ததைப் பார்த்தார். பெரிய கல்லைத் திரும்பிப் பார்த்தார். பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார்.

"இந்தச் சின்னக் கல்லு எப்பலேருந்து இங்க இருக்கு?"

"எப்பவுமே இருக்கு மேடம்."

அவர் அதன் பக்கவாட்டில் கையை வைத்துத் தடவினார். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. "நிறைய கை பட்டிருந்தா இப்படி ஆகும். மாடு உரசினாலும் ஆகும். அதான் கேக்கறேன். வீட்டுல மாடு உண்டா?"

இல்லை என்றேன். நான் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மாடு இருந்ததில்லை. என் மாமனாரைப் பால்காரர் என்று ஊரார் கூப்பிடுவது தினமும் காதில் விழுந்ததுதான். ஆனால் பாலை எங்கிருந்தோ வாங்கி விற்றவர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன், கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கழிந்த இரவு கண்ணில் எரிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ஒன்னுன்னா கல்லு," என்றார் அவர், எழுதிக்கொண்டே. "இந்த மாதிரி சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்து ரெண்டு நின்னா அது ஒரு ஏற்பாடு. அதுக்கு மதிப்பே வேற."

இரண்டு கல் நின்றதால் அது நினைவுச் சின்னம் ஆயிற்று. நினைவுச் சின்னம் ஆனதால் வெடி நின்றது. குவாரிக்காரர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு இன்னும் நடக்கிறது, ஆனால் தீர்ப்பு வரும்வரை மலையைத் தொடக் கூடாது. மழை வந்து மரங்களின் இலைகளைக் கழுவிவிட்டுப் போனபோது அவற்றின் உண்மையான நிறத்தைப் பார்த்தேன். ஆவி மெஷினின் மேல் மாமனாரின் ரேடியோவை வைத்தோம். வாலு சரிவில் ஏறி ஓடினாள். அவள் ஓடுவதைப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், இழுக்கிறதா என்று. இழுக்கவில்லை.

குவாரியில் வேலை பார்த்தவர்கள் வேலை தேடி வேறு ஊருக்குப் போனார்கள். அதில் ஒருவரின் மனைவி எங்கள் கடைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்தாள். நான் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, "கல்லுக்கு வேலி போட்டுட்டீங்க. நல்லது. எங்க வீட்டுல அடுப்பும் அதுக்குள்ள போயிருச்சு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, மாமனாரின் கால் தேறவில்லை. குத்துக்காலிட்டு உட்கார முடியாது, தனியாக நடக்க முடியாது. எங்கள் வீட்டுக் கழிப்பறை கொல்லையின் கடைசி மூலையில், பழைய காலத்து வழக்கப்படி வீட்டுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. என் தோளைப் பிடித்துக்கொண்டு போய் வருவார். நான் கடைக்குப் போனபின் எதுவும் குடிக்க மாட்டார். தண்ணீர் குடித்தால்தானே வம்பு. ஓட்டை வைத்த நாற்காலியும் கீழே ஒரு வாளியும் வாங்கி அறையில் போட்டுப் பார்த்தேன். இரண்டே அறை வீடு. பேத்தி பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். ஒரு நாள் உபயோகித்தார். வாளியை நான் எடுத்துப் போவதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. நாற்காலியை நானே தூக்கி வெளியே போட்டுவிட்டேன். அவர் அறையை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டிவிடலாம் என்று முடிவெடுத்து, கொத்தனாரைக் கூப்பிட்டு, குழி இடுப்பளவு இறங்கியிருந்தபோதுதான் காவலர் வந்தார்.

கொத்தனாரும் காவலரும் போன பிறகு நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே மாமனார் சிரிக்கிற சத்தம் கேட்டது. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர்.

"என்ன மாமா சிரிப்பு? எனக்கு வயிறு எரியுது."

"சிரிக்காம என்ன பண்ணச் சொல்ற? அது நான் நட்ட கல்லும்மா."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடுகிற ஆள்தான். ஆனால் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். அவரிடம் நாலு மாடு இருந்ததாம். அதில் ஒன்றுக்கு ஒரு கொம்பு பாதி உடைந்திருக்கும், அரைக்கொம்பி என்று பெயர். அதற்குக் கழுத்தில் தீராத அரிப்பு. வீட்டு மூலையில் உரசி உரசிச் சுவர் பூச்சை உதிர்த்ததில், என் மாமியார், நான் பார்த்திராத அந்தப் புண்ணியவதி, மாட்டையும் இவரையும் ஒரே மூச்சில் திட்டுவாராம். சுவரிலிருந்து விரட்டினால் அது மேலே ஏறிப்போய்ப் பெரிய கல்லில் உரச ஆரம்பித்தது. "அது ஏற்கெனவே சாஞ்சு நிக்குது. இவ போய் இடிச்சுக்கிட்டே இருந்தா ஒருநாள் இவ மேலேயே விழும். கல்லும் போச்சு, மாடும் போச்சு." அதனால் சரிவில் கிடந்த நீளக் கல் ஒன்றை, டிராக்டர் வைத்திருந்த சிநேகிதரைக் கூட்டிவந்து சங்கிலி போட்டு இழுத்து, கொல்லை முடிவில் குழி தோண்டி நட்டார். அந்தச் சிநேகிதர் இப்போது இல்லை. குழியில் ஆட்டம் கொடுக்காமல் இருக்கச் செங்கல் துண்டுகளும், கைக்குக் கிடைத்த ஒரு பிய்ந்த செருப்பும் போட்டு இறுக்கினார். நான் அந்த வீட்டுக்கு வருவதற்குச் சில வருஷம் முன்னால்.

"வழவழன்னு இருக்குன்னு உங்க மேடம் எழுதியிருக்காங்களே, அது அரைக்கொம்பி கழுத்தும்மா."

"ஏன் மாமா இத்தனை நாள் சொல்லல?"

"மாசக்கணக்கா ஆஸ்பத்திரில கிடந்துட்டு வந்து பாக்கறேன், வேலி போட்டாச்சு, போர்டு வெச்சாச்சு. சரி, நம்ம மருமக வேணும்னேதான் பண்ணியிருக்கா, நாம குறுக்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். மனசுக்குள்ள பெருமைதான். பொய்யக்கூட என்ன அழகா கட்டியிருக்கான்னு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் பொய் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். அன்று மாலை தூரத்து ஊரில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து கேட்டேன். அந்தப் பக்கம் இயந்திர இரைச்சல். "ஆமா, அப்பா நட்டதுதான்," என்றார், ரொம்பச் சாதாரணமாக. "உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் நீ அப்படிச் சொல்லியிருக்கன்னு நெனச்சேன். கெட்டிக்காரின்னு இங்க கூட வேலை செய்யறவங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேன்." இத்தனை நாளாக ஒரு குடும்பமே என்னைப் பொய்க்காரி என்று நம்பி, அதற்காக என்னைக் கூடுதலாக நேசித்திருக்கிறது. போனை வைத்த பிறகும் வெகுநேரம் அது எனக்கு ஜீரணமாகவில்லை.

மறுநாள் மாமனாரின் சிரிப்பு போய்விட்டது. காலையில் கொல்லைக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது; இருவரும் தொப்பலாக நனைந்தோம். நான் தலை துவட்டிவிடும்போது சொன்னார்.

"அந்த மேடத்துக்குப் போன் போடு. நான் சொல்லிர்றேன்."

"வேண்டாம் மாமா."

"என் கல்லு, என் கொல்லை. நான் நட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு என்ன? பெரிய கல்லுலேருந்து அளந்தா நம்ம வீடு எல்லைக்குள்ளேயே வராது."

"ஒன்னு பொய்யின்னு தெரிஞ்சா ரெண்டையும் நம்ப மாட்டாங்க. குவாரி வக்கீல் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான். வெடி வைக்க ஆரம்பிச்சிருவாங்க. வாலு..."

"எனக்கு ஒன்னுக்குப் போகணும்மா." அவர் குரல் உயரவில்லை. "நான் வேற எதுவும் கேக்கல."

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட முடிகிறவர்கள் பாக்கியசாலிகள். நாங்கள் ஒரு நாளில் நாலைந்து முறை ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு கொல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. அவர் கை என் தோளில், என் கை அவர் இடுப்பில், வாயில் மட்டும் வார்த்தை இல்லை. நேராகப் போகிற வழியில் இப்போது வேலி நிற்கிறது. சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தத் திருப்பத்தில் மட்டும் "மெதுவா" என்பேன். அவர் பதிலுக்கு மூச்சு விடுவார். எனக்கு அவர் மேல் கோபமாக இருந்தது. தன் பேத்தியின் மூச்சைவிடத் தன் சௌகரியம் பெரிதா என்று உள்ளுக்குள் கருவினேன். அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. அவர் கேட்டது சௌகரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் நான் கடையிலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது. வீட்டுக்குள் வாலு தனியாக உட்கார்ந்து ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். தாத்தா எங்கே என்றதற்கு, "வெளிய போயிருக்காரு. நான் வரக் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்றாள். ஓடினேன். வேலித் திருப்பத்தில், கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, தரையில் கிடந்தார். எவ்வளவு நேரமாகவோ. உடை நனைந்து மண் அப்பியிருந்தது. எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டார். அவரைத் தூக்கி உட்காரவைத்து, அங்கேயே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினேன். தொடையில் வேலிக் கம்பி கிழித்த காயம் இருந்தது. மருந்து போடும்போது, "பிள்ளை பாக்கலியே?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்தது அந்தக் கேள்வியில்தான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சொல்லிவிடுவது. எப்படியும் கழிப்பறைக்கு விசேஷ அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருந்தேன், இடத்தைப் பார்க்க அதிகாரியே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வரட்டும். தெரியாமல் சொன்னதைத் தெரிந்த பிறகு திருத்துவதில் அவமானம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குவாரி வந்தால்? வாலுவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் வேலை செய்கிற ஊருக்குப் போய்விடலாம். அங்கே ஒரே அறை, மாமனாரை எங்கே வைப்பது? ஆனால் மண்ணில் கிடந்து கண்ணை மூடிக்கொண்ட மனிதரைப் பார்த்தபின் நான் வேறு எதையும் யோசிக்கத் தயாராக இல்லை. முடிவை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது கேலி பண்ணுவார், அதில் நான் இளகிவிடுவேன் என்று பயம்.

அதிகாரி காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். மாமனார் சவரம் செய்துகொண்டு, பெட்டியிலிருந்த நல்ல சட்டையையும் பேண்ட்டையும் எடுத்துத் தரச் சொன்னார். கொல்லையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாமா என்று இரண்டு முறை கேட்டேன்; "அவங்க வர்ற நேரத்துல நான் அங்க உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்று மறுத்துவிட்டார். வெயில் ஏறியபின்தான் ஜீப் வந்தது. அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கினார். பாதியில் நின்ற குழியைப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இந்தக் கல்லோட அடியில தோண்டிப் பார்த்தா வயசு நிச்சயமாத் தெரிஞ்சிரும்," என்றார். "ஆனா எல்லைக்குள்ள தோண்ட எங்களுக்கே அனுமதி கிடைக்கல. என்ன சொல்றது போங்க."

மாமனார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மேடம், அந்தக் கல்லைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு நீங்க கேட்டப்போ நான்..."

"அவளுக்கு என்ன தெரியும், நேத்து வந்தவ," என்று மாமனார் குறுக்கே புகுந்தார். இரண்டு கையாலும் நாற்காலிக் கையைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "என்னைக் கேளுங்க. நான் பொறந்ததே இந்த வீட்டுல. எங்க தாத்தா இருக்காரே, அவரு சின்னப் பிள்ளையில இந்தக் கல்லுகிட்ட விளையாடக் கூடாதுன்னு அடி வாங்கியிருக்காரு. அவருக்கு அவங்க தாத்தா சொன்னதாம், ரெண்டுல ஒன்னை அசைச்சாலும் இன்னொன்னு விழுந்துரும்னு."

அதிகாரி புத்தகத்தைத் திறந்தார். "அப்படியே சொன்னாங்களா?"

"அப்படியேதான். எழுதிக்குங்க."

அவர் சொல்லிக்கொண்டே போனார். தாத்தாவுக்கு ஒரு தாத்தா, அவருக்கு ஒரு கனவு, கனவில் வந்த ஆள் உயரமாக இருந்தது எல்லாம். வார்த்தைக்கு வார்த்தை கட்டுக்கதை. நடுவில் ஒரே ஒரு முறை என் பக்கம் பார்த்தார். கண்டிப்பான பார்வை, வாலு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும்போது பார்க்கிற பார்வை. அதற்கு முன் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் அப்போதும் சொல்லியிருக்கலாம். இல்லை மேடம், இவர் பொய் சொல்கிறார், அடியில் ஒரு பிய்ந்த செருப்பு கிடக்கிறது என்று ஒரு வரி. நான் சொல்லவில்லை. என் மேலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது, அது நிம்மதிதான் என்று தெரிந்தபோது கூசிப்போனேன்.

அதிகாரி எழுதி முடித்துப் புத்தகத்தை மூடினார். "இவ்வளவு தெளிவா இருக்கும்போது, ஐயா, இங்க தோண்டறதுக்கு நான் பரிந்துரை பண்ண முடியாது. உங்களுக்கே புரியும். வருத்தமா இருக்கு."

"அதெல்லாம் பரவாயில்ல. கல்லு முக்கியம்."

அவர் தலையசைத்துவிட்டு, அளவு டேப்பும் கேமராவுமாக இரண்டாவது கல்லின் வேலியருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். அப்போது மாமனார் என் கையைப் பிடித்தார். விரல்கள் சில்லென்றிருந்தன.

"கூட்டிட்டுப் போம்மா. சீக்கிரம்."

எழுப்பி நிறுத்தினேன். தோளைக் கொடுத்தேன். வெயிலில் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப் போயிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவரை என் மேல் சாய்த்துக்கொண்டு, தூக்கி வைக்க வேண்டியிருந்தது. திருப்பத்துக்குக்கூட வந்து சேரவில்லை. அவர் நின்றுவிட்டார். என் தோளில் இருந்த பிடி இறுகியது.

"நிக்கலாம்," என்றார்.

எனக்குப் புரிந்தது. நான் அசையாமல், அதிகாரி திரும்பினால் பார்வை படாதபடி அவரை ஒட்டி நின்றுகொண்டேன். அவர் தலையைக் குனியவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு சரிவை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நல்ல பேண்ட்டின் ஒரு பக்கம் மெல்லக் கறுத்துக்கொண்டே கீழே இறங்கியது.

"தாத்தா! இங்க பாருங்க!"

வாலு சரிவின் உச்சிக்கு ஓடிப் போயிருந்தாள். ஒரே ஓட்டம். அங்கிருந்து அவள் கூப்பிட்டது பிசிறில்லாமல், முழுசாக வந்து விழுந்தது. மாமனார் என் தோளிலிருந்த கையை எடுக்காமல் இன்னொரு கையை உயர்த்தி அவளுக்கு ஆட்டினார். அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் செருப்பைச் சுற்றிப் புழுதி நனைந்து விரிந்துகொண்டிருந்தது. அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார்.